வாட்ஸப்பும் சமூக ஊடகம்தான்: வடிவங்களைப் பிரித்தறிய மூன்று கேள்விகள்

வாட்ஸப் சமூக ஊடகமா, வெறும் செய்தி அனுப்பும் ஆப்தானா? சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், பயனர்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் ஊடாட இடம் தருவதையே முதன்மை வேலையாகக் கொண்ட, எதையும் உருவாக்கவும் பதிவேற்றவும் பகிரவும் அவர்களை விடுகிற சேவையைச் சமூக ஊடகம் என்கின்றன. பதிவுசெய்த பயனர்கள் இந்தியாவில் 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் பொறுப்புகள் வந்து சேரும். அந்தப் பட்டியலில் வாட்ஸப்பும் உண்டு. எத்தனை புகார் வந்தது, எத்தனை கணக்குகளை முடக்கினோம் என்று மாதாமாதம் அறிக்கை விடுகிறது.

சட்டத்துக்கு இந்த அளவு அகலமான வரையறை போதும். பயன்படுத்துகிறவருக்கு இதனால் ஒன்றும் விளங்காது. ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்கள். டானா பாய்ட், நிக்கோல் எலிசன் இருவரும் 2007இல் சமூக வலைத்தளத்துக்கு மூன்று அடையாளம் சொன்னார்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு சுயவிவரப் பக்கம், யாருடன் தொடர்பு என்ற பட்டியல், அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்துக்குப் போகும் வசதி. 2010இல் ஆண்ட்ரியாஸ் கப்லான், மிக்கேல் ஹென்லைன் ஆகியோர் சமூக ஊடகத்தை ஆறு வகையாக்கினார்கள்: விக்கிபீடியா போன்ற கூட்டுப் படைப்புகள், வலைப்பதிவுகள், யூடியூப் போல ஆக்கங்களைப் பகிரும் தளங்கள், பேஸ்புக் போன்ற வலைப்பின்னல்கள், இணைய விளையாட்டு உலகங்கள், செகண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகங்கள்.

அன்றைக்கு அது பொருந்தியது. ஒரு தளம் ஒரு வேலையைத்தான் செய்தது. இன்றைய இன்ஸ்டாகிராமை அந்த ஆறில் எதில் போடுவது? அதில் ஃபாலோ இருக்கிறது, தனிச்செய்தி இருக்கிறது, 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரி இருக்கிறது, யாரென்றே தெரியாதவர்களின் ரீல்ஸ் இருக்கிறது. அதனால் ஆப்பின் பெயரை வைத்து வகைபிரிப்பதை விட்டுவிட்டேன். ஆப்பின் எந்தப் பகுதியில் இருந்தாலும் மூன்று கேள்விகள் போதும். யாரும் யாரும் எப்படி இணைகிறார்கள்? எது முதலில் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானிப்பது யார்? ஒரு பதிவு கைமாறும்போது எழுதியவர் பெயர் கூடவே போகிறதா? மூன்றாவதைத்தான் அதிகம் பேர் கேட்பதில்லை. சேதம் அதிகம் நடப்பதும் அங்கேதான்.

யாரும் யாரும் எப்படி இணைகிறார்கள்

பழைய வடிவம் இருவழி நட்பு. ஒருவர் கோரிக்கை அனுப்பவேண்டும், மற்றவர் ஏற்கவேண்டும். 1997இல் வந்த சிக்ஸ்டிகிரீஸ், 2002இல் வந்த ஃப்ரெண்ட்ஸ்டர், 2004 ஜனவரியில் கூகுள் விட்ட ஆர்குட், அடுத்த மாதமே ஹார்வர்டில் தொடங்கிய பேஸ்புக் எல்லாம் இந்த ரகம். பேஸ்புக் முதலில் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான். 13 வயது நிரம்பிய யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2006 செப்டம்பரில்.

இருவழி நட்பில் பார்வையாளர் தொகை தானாகவே கட்டுக்குள் இருக்கும். பேஸ்புக் தனிக்கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. கடை வைத்திருப்பவர்கள், எழுதுகிறவர்கள், உள்ளூர்ப் பாடகர்கள் பலர் தொழிலுக்கும் தனிக்கணக்கையே பயன்படுத்தி, 5,000ஐ எட்டியதும் இரண்டாவது கணக்குத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு ஒரு தனிக்கணக்குதான் என்பது பேஸ்புக் விதி, இரண்டும் முடங்க வாய்ப்புண்டு. தொழிலுக்குப் பக்கம் என்ற வடிவமே தனியாக இருக்கிறது. அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, மூன்று நான்கு பேர் சேர்ந்து நிர்வகிக்கலாம், தனிக்கணக்கின் குடும்பப் படங்களும் வாடிக்கையாளர் கண்ணில் படாது.

ஒருவழி இணைப்பைப் பரவலாக்கியது 2006இல் வந்த ட்விட்டர், இன்றைய எக்ஸ். நீங்கள் முதலமைச்சரைப் பின்தொடரலாம், அவர் உங்களைத் தொடரத் தேவையில்லை. இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸப் சேனல் எல்லாம் இந்த அமைப்புதான். ட்விட்டரின் 140 எழுத்து வரம்பு எஸ்எம்எஸ்ஸிலிருந்து வந்தது. குறுஞ்செய்தியின் 160 எழுத்தில் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கினால் மிச்சம் 140. 2017 நவம்பரில் அது 280 ஆனது. தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, குறியீட்டை. உயிர்மெய்க்குத் துணைக்குறி தனியாக, புள்ளி தனியாக. ‘தமிழ்’ நம் கணக்கில் மூன்று எழுத்து, எக்ஸ் கணக்கில் ஐந்து. ஆகவே தமிழில் 280 என்பது பார்வைக்குச் சுமார் 170, 180 எழுத்துதான். கடைசி வாக்கியம் வெட்டுப்படுவது இதனால்தான்.

ஹேஷ்டேக்கும் (# குறியிட்ட தலைப்புச் சொல்) ட்விட்டரில் பிறந்ததே, ஆனால் நிறுவனம் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ் மெசினா என்ற பயனர் 2007 ஆகஸ்டில் முன்வைத்த யோசனை அது. ஃபாலோ செய்யாதவர்களும் ஒரே விஷயத்தில் சந்திக்க அது வழி செய்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ என்ற ஹேஷ்டேக்கின் கீழ்தான் படகு, பால், மருந்து, தங்க இடம் என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்டும் கொடுத்தும் வந்தார்கள். இத்தகைய நேரத்தில் வழக்கமாக வரும் கோளாறு ஒன்று உண்டு. உதவி கிடைத்த பிறகும் பழைய கோரிக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், தன்னார்வலர்கள் காலி வீட்டுக்குப் படகோடு போவார்கள். ரீட்வீட் (ஒருவர் பதிவை அப்படியே மறுபகிர்வு) செய்பவர் கண்ணில் கோரிக்கைதான் படுகிறது, அது எப்போது எழுதப்பட்டது என்பது படுவதில்லை. ஆகவே கோரிக்கையின் முதல் வரியிலேயே தேதியும் மணியும் போடவேண்டும். உதவி வந்துவிட்டால் ‘முடிந்தது’ என்று கீழே பதில் எழுதுவதோடு நிற்காமல் மூலப் பதிவை நீக்கவேண்டும். நீக்கினால் ரீட்வீட்கள் எல்லாம் கூடவே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தது மட்டும் போகாது. அதனால் அவசரக் கோரிக்கையை ஸ்கிரீன்ஷாட்டாகப் பகிரவே கூடாது.

மூன்றாவது வடிவம் ஆளைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து இணைவது. ரெட்டிட்டில் யாரையும் பின்தொடராமலே ஒரு தலைப்பின் கீழ் உட்காரலாம், மேலே கீழே வாக்குப் போட்டுப் பதிவை ஏற்றலாம் இறக்கலாம். குவோராவில் கேள்விதான் மையம், அதற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. பேஸ்புக் குழுக்களும் இந்த வகையே. மாடித்தோட்டம், பழைய நாணயம், பழுதுபார்ப்பு என்று வரும்போது நண்பர் பட்டியலைவிட இங்கேதான் சரியான பதில் கிடைக்கும் என்பது என் கணிப்பு. பெயரில்லாமல் கேட்க முடிவதும் ஒரு காரணம்.

நான்காவதில் இணைப்பே தேவையில்லை. டிக்டாக் காட்டியது இதைத்தான். நண்பர் பட்டியல் காலியாக இருந்தாலும் திறந்த நொடியே வீடியோ ஓடும். எதில் நின்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், எதை இரண்டாம் முறை பார்த்தீர்கள் என்பதை வைத்து அடுத்தது வரும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை சொல்லி, அதே மாதம் 24ஆம் தேதி அதை விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடைசெய்தபோது டிக்டாக் இந்தியாவில் ஒரேயடியாக நின்றது. ஆப் போனது, வடிவம் போகவில்லை. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் சோதித்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் சோதனையும் இந்தியாவில்தான் நடந்தது. இதனால் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாற்றம்: ஷார்ட்ஸில் லட்சம் பேர் பார்த்தாலும் அவர்கள் சேனலுக்கு வந்தவர்கள் அல்ல, வழியில் கடந்தவர்கள். மறுநாள் நீங்கள் நீண்ட வீடியோ போட்டால் அவர்களில் மிகச் சிலரே வருவார்கள். பார்வை எண்ணிக்கையை வைத்துக் கடை விரிவாக்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

வரிசையைத் தீர்மானிப்பது யார்

ஆரம்பத்தில் நேர வரிசைதான், புதியது மேலே. 2006 செப்டம்பரில் பேஸ்புக், நண்பர்களின் பதிவுகளைத் தொகுத்து முகப்பில் காட்டும் நியூஸ்ஃபீடைக் கொண்டுவந்தபோது, நம் ஒவ்வொரு அசைவையும் எல்லோருக்கும் காட்டுகிறார்கள் என்று மாணவர்கள் எதிர்த்தார்கள். இன்றைக்கு அதில்லாத பெரிய தளம் அரிது. இன்ஸ்டாகிராம் 2016இல் நேர வரிசையை விட்டு, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கும் வரிசைக்கு மாறியது.

கணிப்பு வரிசை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை வெளிப்படையாகவே பார்க்க முடிந்தது. 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலைப் பொதுவில் வைத்தது. ஒவ்வொருவருக்கும் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து சுமார் 1,500ஐ முதலில் பொறுக்குகிறது. அதில் ஏறத்தாழப் பாதி நீங்கள் பின்தொடர்பவர்களுடையது, மறுபாதி வெளியாட்களுடையது. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும், நீங்கள் லைக் போட எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து, ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறது. அப்போது வெளியான எடைகள்: லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, பதிலுக்கு 13.5, உங்கள் பதிலோடு மூலப் பதிவை எழுதியவரே ஊடாடினால் 75. எதிர்ப்பக்கம், ‘இது வேண்டாம்’, மியூட், பிளாக் போன்றவற்றுக்கு மைனஸ் 74, ரிப்போர்ட்டுக்கு மைனஸ் 369. இந்த எண்கள் பிறகு மாறியிருக்கும். விகிதத்தைப் பாருங்கள், அதுதான் பாடம். ஒரு பதில் 27 லைக்குக்குச் சமம்.

ஆகவே பிடிக்காத பதிவின் கீழ் போய்ச் சண்டை போடுவது அந்தப் பதிவுக்குச் செய்கிற உபகாரம். கோபத்தில் ஒரு வரி எழுதுகிறீர்கள், அவர் திரும்ப ஒரு வரி எழுதுகிறார், எந்திரத்துக்கு அது உரையாடல். பேஸ்புக்கிலும் இதே கதைதான். 2017இல் கோபம், சிரிப்பு, சோகம் முதலிய உணர்ச்சிக் குறிகளுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள். கோபக்குறி வாங்கும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஊழியர்களே கண்டுசொன்ன பிறகு, 2020 செப்டம்பரில் கோபத்தின் எடையைச் சுழியாக்கினார்கள்.

வரிசையை உங்கள் கைக்குக் கொண்டுவர வழிகள் உண்டு, மெனுவில் சற்று ஆழத்தில் இருக்கும். பேஸ்புக்கில் மெனுவுக்குள் ‘ஃபீட்ஸ்’ என்ற பகுதி நேர வரிசையில் காட்டும். எக்ஸில் மேலே ‘ஃபாலோயிங்’ என்ற தாவல். இன்ஸ்டாகிராமில் ‘ஃபாலோயிங்’, ‘ஃபேவரிட்ஸ்’ என இரண்டு உண்டு. ஃபேவரிட்ஸில் 50 கணக்கு வரை சேர்க்கலாம், அவற்றின் பதிவுகள் முன்னால் வரும். பரிந்துரை முழுவதும் கெட்டுப்போய்விட்டது என்றால் அமைப்புகளில் உள்ளடக்க விருப்பங்களுக்குள் பரிந்துரையை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது, 2024 நவம்பரில் அறிவித்தது.

யூடியூபில் நான் பரிந்துரைப்பது சற்றுக் கடுமையானது: பார்வை வரலாற்றை நிறுத்திவிட்டு, பழையதையும் அழித்துவிடுங்கள். வரலாறு இல்லாதவருக்கு முகப்பில் பரிந்துரையே காட்டுவதில்லை என்று 2023 ஆகஸ்டில் யூடியூப் மாற்றியது. முகப்பு வெறுமையாக இருக்கும், தேடியதும் சந்தா செய்ததும் மட்டும் கிடைக்கும். வீட்டில் ஒரே டிவியைத் தாத்தாவும் பேரனும் பார்த்து, பக்திப் பாடலுக்கு அடியில் விளையாட்டு வீடியோ வந்து குழம்புகிற வீடுகளுக்கு இது உடனடித் தீர்வு. இதைச் செய்யப் பிடிக்காவிட்டால், பேரன் பார்க்கும்போது மட்டும் வரலாற்றை நிறுத்தினாலும் போதும்.

எழுதியவர் பெயர் கூடவே போகிறதா

எக்ஸில் ரீட்வீட் செய்தால் மூலக் கணக்கின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். பேஸ்புக் ஷேரும் அப்படியே. தட்டினால் மூலத்துக்குப் போகலாம், அவர் திருத்தினால் திருத்தியது தெரியும், நீக்கினால் போய்விடும். வாட்ஸப் ஃபார்வர்டில் இவை எதுவும் கிடையாது. பெயர் அறுந்துவிடும், தேதி அறுந்துவிடும். அனுப்பியவர் என்று தெரிவது உங்கள் சித்தப்பா பெயர்தான். செய்தியின் நம்பகம் எழுதியவரிடமிருந்து சித்தப்பாவுக்கு மாறிவிடுகிறது.

2018இல் குழந்தை கடத்தும் கும்பல் என்ற புரளி இந்தியா முழுவதும் பரவியது இப்படித்தான். அதில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, விழிப்புணர்வு வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததைக் கடத்தல் என்று நினைத்துக் கூட்டம் அடித்தது. மூதாட்டி ஒருவர் இறந்துபோனார்.

அதன் பிறகுதான் வரம்புகள் வந்தன. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்றார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அதையே வைத்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகையதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று வாட்ஸப் சொன்னது. ஆனால் இந்தக் கணக்கு ஃபார்வர்டு பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். அதே வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறி வராது. அம்புக்குறி இல்லை என்பதாலேயே ஒன்றைப் புதுச்செய்தி என்று கொள்ளவேண்டாம்.

வீடியோவைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஆட்கள், கட்டடம், வண்டி எண் பலகை, கடைப் பலகை ஆகியவை தெரியும் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்துகளை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் தேடல் அந்த எழுத்தையே பிடித்துக்கொண்டு போகும். பிறகு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரே படத்தைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. முடிவுகளில் மிகப் பழைய தேதியுள்ளதைத் திறந்து பாருங்கள்.

வாட்ஸப்புக்குள் ஐந்து வடிவம்

ஊர்ச் சங்கம், அடுக்ககம், பள்ளிப் பெற்றோர், முன்னாள் மாணவர் என்று நம்மவர்களின் பொதுக்காரியம் பெரும்பாலும் வாட்ஸப்பில் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘குரூப்’ ஒன்றையே போடுவதில்தான் பாதித் தொல்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற தகவல் ஐம்பது ‘காலை வணக்கம்’ படத்துக்கு அடியில் புதைந்துபோகும்.

குழு என்பது பேசுவதற்கு. 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் நூறைத் தாண்டினாலே பேச்சு நின்று படங்கள் மட்டும் வரும் என்பது பொதுவான போக்கு. குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் அறியாத பெண்களும் ஆண்களும் சேரும் பயிற்சி வகுப்புக்கோ மருத்துவ முகாமுக்கோ குழு போடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அறிவிப்பு மட்டும் போகவேண்டுமென்றால் குழுத் தகவலுக்குள் அனுமதிகளைத் திறந்து, செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் அட்மினாக இருந்து அவர் வெளியேறிவிட்டால் வாட்ஸப் தானே வேறொருவரை அட்மினாக்கிவிடும், அது நீங்கள் நினைக்கும் ஆளாக இருக்காது. இரண்டு மூன்று பேர் இருக்கட்டும். அழைப்பு இணைப்பைப் பொதுவில் ஒட்டினால் அதை வைத்திருக்கும் யாரும் நுழைய முடியும். 2020 பிப்ரவரியில் ஏராளமான குழு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே சிக்கின. சேர்க்கை முடிந்ததும் இணைப்பை ரீசெட் செய்யுங்கள், புதியவர்களை அட்மின் ஒப்புதலோடு சேர்க்கும் வசதியையும் போட்டுவையுங்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் வேறு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. நீங்கள் ஒருமுறை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியாகப் போகும், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கல்யாண அழைப்புக்கும் சிறு கடைக்கும் இதுதான் ஏற்றது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போகும். ‘எனக்கு மட்டும் அழைப்பே வரவில்லை’ என்ற மனத்தாங்கலுக்குப் பல நேரம் காரணம் இந்த ஒரு விதிதான். அனுப்பிய செய்தியைத் தட்டிப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். சேராதவர்களுக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

ஸ்டேட்டஸ் 2017 பிப்ரவரியில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. 24 மணி நேரம் இருக்கும். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் தெரியும். வீட்டு உரிமையாளர், பழைய மேலாளர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்று சேமித்த எல்லோரும் பார்க்கலாம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. யார் பார்க்கலாம் என்பதை ஸ்டேட்டஸ் தனியுரிமையில் மாற்றலாம். மாற்றியது இனி போடுவதற்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே போட்டதற்கு அல்ல.

சேனல் இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பரில். பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, எத்தனை பேரும் சேரலாம். பஞ்சாயத்து, நூலகம், செய்தி நிறுவனம் முதலியவற்றுக்குப் பொருத்தம். குழுவில் இருப்பதுபோல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத இருமுனை மறையாக்கம் இங்கே கிடையாது. அது பொதுவெளி, அப்படியே நினைத்து எழுதவேண்டும். கம்யூனிட்டி என்பது பல குழுக்களை ஓர் அறிவிப்புப் பகுதியின் கீழ் கட்டிவைப்பது. நான்கு பிளாக் உள்ள அடுக்ககத்துக்கு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு குழு, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்பு என்று அமைத்தால் லாரி நேரம் காணாமல் போகாது. ஐம்பது வீட்டுக்குக் கீழே என்றால் கம்யூனிட்டி தேவையில்லை, அட்மின் மட்டும் எழுதும் குழு ஒன்றும் அரட்டைக்கு ஒன்றும் போதும்.

டெலிகிராமை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம், பெரிய கோப்புகள் போகும், புதிதாகச் சேர்ந்தவர் பழையதையும் படிக்கலாம், போட்டித் தேர்வுக் குறிப்புகளுக்கு அது மிகவும் வசதி. ஆனால் அதன் சாதாரண உரையாடலில் இருமுனை மறையாக்கம் இல்லை. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. பாதுகாப்புக்காக டெலிகிராம் என்று சொல்வது தலைகீழ்.

கணக்கு பறிபோகும் விதம்

அறிமுகமானவர் எண்ணிலிருந்தே செய்தி வரும்: ‘தவறுதலாக உங்களுக்கு ஒரு 6 இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்களேன்.’ அந்த எண் உங்கள் வாட்ஸப்பை வேறொரு போனில் திறக்கும் சாவி. கொடுத்தால் உங்கள் போனில் கணக்கு மூடிக்கொள்ளும், அங்கிருந்து உங்கள் குழுக்களுக்கெல்லாம் ‘அவசரமாகப் பத்தாயிரம் வேண்டும்’ என்று போகும். மீட்க, உங்கள் எண்ணை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் புது எண்ணைப் போட்டதும் மோசடிக்காரன் வெளியேறிவிடுவான். அதற்குள் அவன் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ‘பின்’ (PIN) எண்ணை வைத்துவிட்டால், அந்த எண் இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்கவேண்டும். அப்போதும் உங்கள் எஸ்எம்எஸ் எண்ணைப் போட்ட கணமே அவன் வெளியேதான் இருப்பான். இதைத் தவிர்க்க, அமைப்புகளில் கணக்குக்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்பை நீங்கள் முந்திக்கொண்டு போட்டு, மீட்பு மின்னஞ்சலும் கொடுத்துவையுங்கள். இன்னொரு வழி, ‘லிங்க்ட் டிவைஸ்’ (உங்கள் கணக்கோடு இணைத்த மற்றக் கருவிகளின் பட்டியல்) மூலம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்வது. இதில் உங்கள் போனில் கணக்கு மூடாது, அதனால் எளிதில் தெரியாது. அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

பணம் போய்விட்டால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியவேண்டும். பரிவர்த்தனை எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். பலர் பயத்தில் உரையாடலை அழித்துவிடுவார்கள், அது சாட்சியத்தை அழிப்பது.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டல் வந்தால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஓர் எண்குறி உருவாகி, அது மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களுக்குப் போகும். அதே படம் ஏறினால் பிடிபடும். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் இது. குழந்தைகள் படம் என்றால் நேராகக் காவல்துறை.

வீடு மாறவேண்டி வந்தால்

ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். ட்விட்டருக்கு இந்திய மாற்றாக வந்த கூ 2024 ஜூலையில். இந்தியாவில் டிக்டாக்கில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட அவகாசமே இல்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது உங்கள் எழுத்தையும் படங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டரில் தகவலைப் பதிவிறக்கும் வசதி, யூடியூபுக்கு கூகுள் டேக்அவுட், எக்ஸுக்குக் கணக்கு அமைப்பில் ஆர்க்கைவ், வாட்ஸப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் ‘எக்ஸ்போர்ட் சாட்’. பேஸ்புக்கில் வடிவம் கேட்கும்போது எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவத்தில் தமிழ் எழுத்துகள் உடைந்து, நிரல் எழுதத் தெரிந்தவர் சரிசெய்யாமல் படிக்க முடியாது. படத்தின் தரத்தையும் உயர்ந்தது என்று மாற்றுங்கள். தயாரானதும் வரும் இணைப்புக்குச் சில நாள் ஆயுள்தான்.

இறக்கிய கோப்பில் உங்கள் பதிவுகள் இருக்கும். பின்தொடர்ந்தவர்களின் பெயர்கள் இருக்கும், அவர்களைத் தொடர்புகொள்ள முகவரி இருக்காது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகும் வசதி 2016இல் வந்த மாஸ்டடான் போன்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது நெறிமுறையில் இயங்கும் தளங்களில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா.